வயித்து வலின்னு சொன்னேன்: ஆணுறுப்பைப் பற்றி ஒரு எபிசோட்

(பேசியதைக் கொஞ்சம் சீர்படுத்தி எழுத்தாக்கியிருக்கிறோம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே இருக்கிறது.)

இந்த எபிசோடை கம்பெனி பஸ்ல ஸ்பீக்கர்ல போட்டுக் கேக்காதீங்க, ஹெட்போன் மாட்டிக்கோங்க. தப்பா எதுவும் இல்லை. ஆனா வார்த்தைகள் நேரடியா இருக்கும். அந்த வார்த்தைகளை ஒரு நாள் ராத்திரி நான் வாய்விட்டுச் சொல்லாததால எனக்கு ஒரு நஷ்டம் வந்துச்சு. அதனால இன்னைக்கு எதையும் சுத்தி வளைக்கப்போறதில்லை.

எனக்கு ஒரு விரைதான் இருக்கு. இன்னொன்னை 2011-ல எடுத்துட்டாங்க.

எங்க ஊர் குருபரப்பள்ளி. கிருஷ்ணகிரியில இருந்து ஓசூர் போற ஹைவேல, சூளகிரிக்கு முன்னாடி வரும். பெங்களூருக்கு அடிக்கடி பஸ்ல போறவங்க ஜன்னல் வழியா பார்த்திருப்பீங்க, இறங்கியிருக்க மாட்டீங்க. எனக்கு அப்போ 19 வயசு. ஐடிஐ முடிச்சுட்டு ஒரு மெஷின் ஷாப்ல அப்ரண்டிஸ். ராத்திரி ஒரு மணி இருக்கும், தூக்கத்துல இருந்து வலி எழுப்பி விட்டுச்சு. இடது விரையில ஆரம்பிச்சு அடிவயிறு வரைக்கும் இழுத்துப் பிடிச்ச மாதிரி. எழுந்து உக்காந்தேன், வாந்தி வந்துச்சு. அம்மா சத்தம் கேட்டு வந்தாங்க. "என்னடா?"ன்னாங்க. "வயித்து வலிம்மா"ன்னேன்.

அம்மா ஓமத் தண்ணி போட்டுக் கொடுத்தாங்க. நேத்து மத்தியானம் கேன்டீன்ல சாப்பிட்ட குஸ்காதான் காரணம்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. காலையில ஒன்பது மணிக்கு ஒரு கிளினிக். டாக்டர் "எங்கப்பா வலிக்குது?"ன்னு கேட்டார். பக்கத்துல அம்மா, கதவுகிட்ட நர்ஸ் அக்கா, வெளிய பெஞ்சுல எங்க தெருக்காரங்க ரெண்டு பேர். நான் தொப்புளுக்குக் கீழ கை வச்சேன். கேஸுக்கு ஒரு ஊசி, மூணு மாத்திரை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் காட்டின இடத்துக்குத்தான் அவர் வைத்தியம் பார்த்தார்.

அன்னைக்குச் சாயங்காலம் வலி குறைஞ்சுது. சரியாப் போச்சுன்னு நினைச்சேன். அதோட அர்த்தம் என்னன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது: வலிக்கிறதுக்கு அங்க உயிரோட எதுவும் மிச்சம் இல்லை.

மறுநாள் வீக்கம். காலை அகட்டி வச்சு நடந்தேன். அக்கா வீட்டுக்காரர் வந்திருந்தார், பார்த்த உடனே "என்ன மாப்ள, நடை ஒரு மாதிரி இருக்கு?"ன்னு கேட்டார். வெளிய கூட்டிட்டுப் போய், அவரே அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். பைக்ல ஏத்திட்டு நேரா பெரிய ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுத்தாங்க, அன்னைக்கே ஆபரேஷன். கறுத்துப் போயிருந்துச்சு, எடுக்கிறதைத் தவிர வழியில்லைன்னு சொன்னாங்க. வலி ஆரம்பிச்சு ஒன்றரை நாள் ஆகியிருந்தது.

எங்க ஊர் பக்கம் ஒரு தெருவுல தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஓடும். மூணு மொழியிலயும் அந்த உறுப்பை வச்சு எத்தனை கெட்ட வார்த்தை எனக்குத் தெரியும்னு எண்ணினா ரெண்டு கை பத்தாது. டாக்டர்கிட்ட சொல்றதுக்கு ஒன்னு கூட வரலை. பத்தாம் வகுப்புல இனப்பெருக்கப் பாடம் வந்தப்போ, எங்க வாத்தியார் "இது ஈஸி, வீட்ல படிச்சுக்கோங்க"ன்னு சொல்லி அடுத்த பாடத்துக்குப் போயிட்டார். உங்கள்ல பாதிப் பேருக்கு இதே அனுபவம் இருக்கும்னு பந்தயம் கட்டுவேன்.

நம்ம மொழியில மரியாதையான வார்த்தையே இல்லையோன்னு பின்னாடி தேடிப் பார்த்தேன். இருக்கு, நிறையவே இருக்கு. 1847-ல யாழ்ப்பாணம் பக்கம் வந்த சாமுவேல் பிஸ்க் கிரீன்னு ஒரு அமெரிக்க மிஷனரி டாக்டர், மானிப்பாய்ல இருந்துகிட்டு தமிழ்லயே மேல்நாட்டு மருத்துவம் சொல்லிக் கொடுத்தார். அனாட்டமிக்கு அவர் பயன்படுத்தின சொல் 'அங்காதிபாதம்'. இன்னைக்கும் உலகம் பூரா மருத்துவ மாணவர்கள் படிக்கிற கிரேயோட அனாட்டமி புத்தகம் லண்டன்ல 1858-ல வந்தது. அது 1872-ல 'மனுஷ அங்காதிபாதம்'னு தமிழ்ல வந்துடுச்சு. அந்தக் காலத்துலயே ஒருத்தர் உட்கார்ந்து உடம்போட ஒவ்வொரு பாகத்துக்கும் தமிழ்ல பேர் தேடி எழுதியிருக்கார். நான் 2011-ல தொப்புளைக் காட்டிட்டு உக்காந்திருந்தேன்.

சரி, பாகத்துக்கு வருவோம். நான் மெஷின்காரன், அதனால மெஷினைப் பிரிச்சுக் காட்டுற மாதிரிதான் சொல்ல வரும்.

வெளிய தெரியுறது ரெண்டு: ஆணுறுப்பு, அதுக்குக் கீழ விரைப்பை. எல்லாரும் முதல்ல சொன்னதைப் பத்தித்தான் கவலைப்படுவாங்க. உண்மையில அவசரம் வர்றது பெரும்பாலும் ரெண்டாவதுல. அதனால பையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

விரைப்பைக்குள்ள ரெண்டு விரைகள். ஸ்கூல் புத்தகத்துல 'விந்தகம்'னு இருக்கும், ரெண்டும் ஒன்னுதான். ஒவ்வொன்னும் 4 முதல் 5 சென்டிமீட்டர் நீளம். தொட்டா வழுவழுன்னு, வேகவச்சு உரிச்ச முட்டை மாதிரி இருக்கும். ஒன்னு இன்னொன்னைவிடக் கொஞ்சம் கீழ தொங்கும், பெரும்பாலான ஆண்களுக்கு இடது பக்கம். அது குறை இல்லை. உள்ள நூல் மாதிரி மெல்லிய குழாய்கள் சுருண்டு கிடக்குது, நீட்டினா நூத்துக்கணக்கான மீட்டர் வரும். அங்கதான் விந்தணு உருவாகுது. ஒரு விந்தணு முழுசா உருவாக ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும். டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் வர்றதும் இங்கிருந்துதான்.

இவ்வளவு முக்கியமான சாமானை ஏன் வெளிய தொங்கவிட்டிருக்குன்னு ஒரு கேள்வி வரும். மூளைக்கு மண்டையோடு, இதயத்துக்கு விலா எலும்பு, இதுக்கு வெறும் தோல் பை. காரணம் சூடு. உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவா இருந்தாத்தான் விந்தணு ஒழுங்கா உருவாகும். அந்தப் பையே ஒரு தெர்மோஸ்டாட். குளிர்காலத்துல, நம்ம ஓசூர் பக்கம் டிசம்பர் காலையில, பை சுருங்கி மேல ஒட்டிக்கும். மே மாசம் தளர்ந்து கீழ இறங்கும். தோலுக்கு அடியில ஒரு தசை, விரையைத் தூக்கி இறக்க இன்னொரு தசை, ரெண்டும் சேர்ந்து இந்த வேலையைப் பாக்குது. அது போக, உள்ள போற ரத்தக் குழாயைச் சுத்தி வெளிய வர்ற சிரைகள் வலை மாதிரி பின்னியிருக்கும். சூடான ரத்தம் உள்ள போறப்பவே குளிர்ந்த ரத்தம் அதோட சூட்டை வாங்கிக்கும். கம்பெனியில ஹீட் எக்ஸ்சேஞ்சர் பார்த்தவங்களுக்கு இதைப் புரியவைக்கத் தேவையே இல்லை.

ஒவ்வொரு விரையும் ஒரு கயிறுல தொங்குது. கயிறுன்னா வெறும் கயிறு இல்லை. ரத்தம் கொண்டு வர்ற தமனி, எடுத்துட்டுப் போற சிரை, நரம்பு, விந்தணு மேல போற குழாய் எல்லாம் ஒரே கட்டா இருக்கும். சாதாரணமா விரை பின்பக்கத்துல பையோட ஒட்டியிருக்கும், சுத்தாது. சில பேருக்குப் பிறவியிலயே அந்தப் பிடிப்பு சரியா இருக்காது. கோயில் மணியோட நாக்கு மாதிரி அது தாராளமா ஆடும். டாக்டர்களும் அப்படித்தான் ஒப்பிடுறாங்க. அப்படி ஆடுறது ஒரு நாள் சுத்திக்கும். விளையாடும்போது ஆகலாம், குளிர்ல தசை இழுக்கும்போது ஆகலாம், என்னை மாதிரி சும்மா தூங்கும்போதும் ஆகலாம். கயிறு முறுக்கினா முதல்ல சிரை அடைபடும், அப்புறம் தமனி. தோட்டத்து ஹோஸ் பைப் முறுக்கினா தண்ணி நிக்கிற மாதிரி ரத்தம் நின்னுடும்.

இதுக்குப் பேர் விரை முறுக்கம், டெஸ்டிகுலர் டார்ஷன். 25 வயசுக்குள்ள இருக்கிற ஆண்கள்ல வருஷத்துக்கு சுமார் 4000 பேர்ல ஒருத்தருக்கு வரும்னு மருத்துவப் புத்தகங்கள் சொல்லுது. வளர் இளம் பருவத்துல அதிகம், இருபதுகள்லயும் வரும். கணக்கு இவ்வளவுதான்: வலி ஆரம்பிச்சு 6 மணி நேரத்துக்குள்ள முறுக்கை எடுத்துவிட்டா பத்துல ஒன்பது விரையைக் காப்பாத்திடலாம். 12 மணி நேரம் ஆனா வாய்ப்பு பாதியா குறைஞ்சுடும். 24 மணி நேரம் தாண்டினா பத்துல ஒன்னு பிழைக்கிறதே கஷ்டம். எனக்கு ராத்திரி ஒரு மணிக்கு ஆரம்பிச்சுது. காலையில ஏழு மணிக்குள்ள ஆபரேஷன் டேபிள்ல இருந்திருக்கணும். ஏழு மணிக்கு நான் ஓமத் தண்ணி குடிச்சுட்டு இருந்தேன்.

எப்படித் தெரிஞ்சுக்கிறது? திடீர்னு ஒரு பக்கம் மட்டும் கடுமையான வலி. கூடவே குமட்டல் அல்லது வாந்தி. அந்த விரை வழக்கத்தைவிட மேல ஏறியோ குறுக்கா திரும்பியோ இருக்கலாம். சில பேருக்கு வலி வந்து தானா போகும், மறுபடி ஒரு நாள் வரும். முறுக்கி, தானா அவிழ்ந்திருக்குன்னு அர்த்தம், அதையும் டாக்டர்கிட்ட காட்டணும். வீட்ல எண்ணெய் தேய்க்கிறது, ஒத்தடம் கொடுக்கிறது, காலையில பாத்துக்கலாம்னு பெயின் கில்லர் போட்டுட்டுப் படுக்கிறது, இதெல்லாம் நேரத்தைத் தின்னும். நேரா அறுவை சிகிச்சை வசதி இருக்கிற ஆஸ்பத்திரி. வண்டி இல்லைன்னா 108. ஆபரேஷன்ல முறுக்கை அவிழ்த்து, தையல் போட்டு நிலைநிறுத்துவாங்க. இன்னொரு பக்கத்தையும் அதே நேரத்துல தைச்சு விடுவாங்க, அதுக்கும் இதே பிறவிக்குறை இருக்க வாய்ப்பிருக்கிறதால. எனக்கும் வலது பக்கம் தையல் இருக்கு.

இப்போ குருபரப்பள்ளி பக்கத்துலயே போலுப்பள்ளியில அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு. தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 11 மருத்துவக் கல்லூரி திறந்தாங்களே, 2022 ஜனவரியில, அதுல ஒன்னு. ஹைவேல போற வர்றவங்க, சுத்துவட்டார கம்பெனிகள்ல ஷிப்ட் பாக்குற பசங்க, மனசுல வச்சுக்கோங்க.

இங்க ஒரு விஷயம் எனக்கு ரொம்ப ஆறுதலா இருந்துச்சு. நான் "வயித்து வலி"ன்னு சொன்னது முழுப் பொய் இல்லையாம்! கருவுல இருக்கும்போது விரைகள் உருவாகுறது கீழ இல்லை, வயித்துக்குள்ள, சிறுநீரகத்துக்குப் பக்கத்துல. பிறக்கிறதுக்கு முன்னாடி மெதுவா இறங்கி பைக்கு வரும். இறங்கும்போது அதோட ரத்தக் குழாயையும் நரம்பையும் கூடவே இழுத்துட்டு வரும். அதனால விரையில அடிபட்டா வலி வயித்துலயும் தெரியும். கிரிக்கெட் பால் பட்டவங்களுக்குத் தெரியும், வயித்தைப் பிடிச்சுட்டுத்தான் உக்காருவோம். சில பசங்க உண்மையிலேயே வெறும் அடிவயிறு வலின்னு வருவாங்க. அதனாலதான் இளம் வயசு ஆண் வயித்து வலின்னு வந்தா கீழயும் பரிசோதிக்கணும்னு மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்குறாங்க. என் விஷயத்துல அதுவும் நடக்கலை, நானும் வாயைத் திறக்கலை.

ஒரு விரை இருந்தா என்ன ஆகும்னு எனக்கு மெயில்ல கேப்பீங்க, இப்பவே சொல்லிடுறேன். ஒன்னும் ஆகாது. இன்னொன்னு நல்லா இருந்தா ஹார்மோனும் போதும், குழந்தை பெத்துக்கவும் பொதுவா போதும். கல்யாணத்துக்கு முன்னாடி அவங்ககிட்ட சொல்லணுமான்னு நான் மூணு மாசம் யோசிச்சேன். சொன்னேன். "இவ்வளவுதானா?"ன்னு கேட்டாங்க.

வலி இல்லாத விஷயமும் ஒன்னு இருக்கு. மாசம் ஒரு தடவை, வெந்நீர்ல குளிச்சு பை தளர்ந்திருக்கும்போது, ஒவ்வொரு விரையையும் கட்டை விரலுக்கும் மத்த விரல்களுக்கும் நடுவுல மெதுவா உருட்டிப் பாருங்க. பின்பக்கம் மேல புழு மாதிரி மெத்துனு ஒன்னு தட்டுப்படும். பயந்துடாதீங்க, அது எபிடிடைமிஸ், விந்தணு முதிர்ச்சி அடையுற இடம். சுமார் 6 மீட்டர் குழாய் அங்க சுருண்டிருக்கு. ஆனா விரையிலயே கல்லு மாதிரி, வலியே இல்லாத ஒரு கட்டி தட்டுப்பட்டா உடனே காட்டணும். விரைப் புற்றுநோய் இந்தியாவுல ரொம்ப அபூர்வம். ஆனா வந்தா இளம் வயசுலதான் வரும், சீக்கிரம் பார்த்தா பெரும்பாலும் முழுசா குணமாகும். இடது பக்கம் மேல நூல்கண்டு மாதிரி இருந்தா அது பெரும்பாலும் வெரிக்கோசீல், சிரை வீக்கம். ஆண்கள்ல சுமார் நூத்துக்குப் பதினைஞ்சு பேருக்கு இருக்கு, நிறைய பேருக்குத் தொந்தரவே தராது. விரையைச் சுத்தித் தண்ணி கோத்தா ஹைட்ரோசீல், நம்ம பெரியவங்க விரைவீக்கம், அண்டவாதம்னு சொல்றது. யானைக்கால் கொசு நம்ம மாநிலத்துல இதுக்கு ஒரு பழைய காரணம்.

இப்போ மேல இருக்கிறவர்.

ஆணுறுப்புல எலும்பு கிடையாது. நாய்க்கு உண்டு, பல குரங்கு இனங்களுக்கும் உண்டு, மனுஷனுக்கு இல்லை. தசையைப் பெருசாக்குற மாதிரி ஜிம் போயி வளர்க்கவும் முடியாது, ஏன்னா தண்டுல அந்த மாதிரி தசை இல்லை. உள்ள மூணு உருளை. மேல பக்கத்துல ரெண்டு, அடியில ஒன்னு. மேல இருக்கிற ரெண்டுதான் விறைப்புக்குக் காரணம். ஸ்பான்ஜ் மாதிரி, உள்ள ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன அறைகள். அதைச் சுத்தி கெட்டியான உறை. சைக்கிள் ட்யூபையும் டயரையும் நினைச்சுக்கோங்க, அந்த டயர் வேலையை இந்த உறை செய்யுது. அடியில இருக்கிற மூணாவது உருளைக்குள்ள சிறுநீர்க் குழாய் போகுது. அதே உருளைதான் முன்னாடி விரிஞ்சு மொட்டு ஆகுது. விறைப்பு வந்தாலும் இது மத்த ரெண்டு மாதிரி கல்லாகாது. கல்லானா நடுவுல இருக்கிற குழாய் நசுங்கிடும், விந்து வெளிய வர வழி இருக்காது. யார் டிசைன் பண்ணாங்களோ, நல்ல டிசைன்.

நாம வெளிய பாக்குறது முழு நீளமும் இல்லை. உறுப்போட வேர் உடம்புக்குள்ள, இடுப்பெலும்போட ஒட்டிக்கிட்டு இருக்கு. விரைப்பைக்குப் பின்னாடி விரல் வச்சு அமுக்கினா அது தெரியும். அடிவயித்துல கொழுப்பு ஏறினா வெளிய தெரியுற நீளம் குறைஞ்ச மாதிரி இருக்கிறதும் இதனாலதான். உறுப்பு எங்கயும் போகலை, தொப்பைக்குள்ள மறைஞ்சிருக்கு.

விறைப்பு ஒரு ஹைட்ராலிக் வேலை. மூளையில இருந்தோ தொடுதல்ல இருந்தோ சிக்னல் வந்ததும் நரம்பு நுனிகள்ல நைட்ரிக் ஆக்சைடு வெளியாகும். அது ஸ்பான்ஜ்ல இருக்கிற மெல்லிய தசைகளைத் தளர்த்தும். இறுகுறது இல்லை, தளர்றது. அறைகள் திறக்கும், ரத்தம் உள்ள பாயும். நிறைய நிறைய, வெளிய போற சிரைகள் அந்தக் கெட்டி உறையோட அமுங்கி மூடிக்கும். நம்ம ஷாப்ல செக் வால்வ் பாக்குற அதே வேலை. ரத்தக் குழாயைத் தளர்த்துற இந்த வாயுவைப் பத்திக் கண்டுபிடிச்சதுக்கு 1998-ல மூணு அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு மருத்துவ நோபல் பரிசு கொடுத்தாங்க: பர்ச்காட், இக்னாரோ, முராத். அதே வருஷம்தான் வயாகராவும் கடைக்கு வந்தது. அது முதல்ல நெஞ்சு வலிக்குன்னு பரிசோதிச்ச மருந்து.

இது ரத்தக் குழாய் விவகாரம்னு புரிஞ்சா இன்னொன்னு புரியும். இங்க இருக்கிற தமனிகள் இதயத் தமனிகளைவிட மெல்லிசு. சர்க்கரை, பிரஷர், சிகரெட் எல்லாம் ரத்தக் குழாயை அடைக்க ஆரம்பிச்சா முதல்ல இங்கதான் தெரியும், நெஞ்சு வலி வர்றதுக்குச் சில வருஷம் முன்னாடியே. முப்பதுகள்ல இருக்கிற ஒருத்தருக்கு விறைப்புல தொடர்ந்து பிரச்சினைன்னா முதல்ல பாக்க வேண்டியது சுகரும் பிரஷரும். லேகியம் இல்லை.

காலையில எழும்போது விறைப்பா இருக்கிறது சிறுநீர் முட்டுறதால மட்டும் இல்லை. கனவு வர்ற தூக்கக் கட்டத்துல, ஒரு ராத்திரியில மூணுல இருந்து அஞ்சு தடவை இது தானா நடக்கும். கடைசித் தடவை நடக்கும்போது அலாரம் அடிச்சுடுது, அவ்வளவுதான். எலும்பு இல்லைன்னாலும் உடையும், அதையும் சொல்லிடுறேன். விறைப்பா இருக்கும்போது பலமா மடங்கினா அந்த உறை கிழியும். 'டக்'னு ஒரு சத்தம், உடனே விறைப்பு போகும், கத்திரிக்காய் கலர்ல வீங்கும். வெக்கப்படாம உடனே ஆஸ்பத்திரி, தைச்சா சரியாகும். அதே மாதிரி, ஆசை எதுவும் இல்லாம விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல இறங்கவே இல்லைன்னாலும் எமர்ஜென்சி.

முன்தோல் பத்தி. சின்னக் குழந்தைகளுக்கு அது ஒட்டியிருக்கிறது இயல்பு, வலுக்கட்டாயமா இழுக்கக் கூடாது, வளர வளர தானா விடும். பெரியவங்க தினமும் பின்னுக்குத் தள்ளி வெறும் தண்ணியில கழுவினா போதும், முக்கியமா கழுவின பிறகு முன்னுக்கு இழுத்து விடணும். பின்னாடியே விட்டா சில சமயம் ரப்பர் பேண்ட் மாதிரி இறுக்கிடும், மொட்டு வீங்கிடும். இறங்கலைன்னா அதுவும் அன்னைக்கே ஆஸ்பத்திரி. மொட்டோட ஓரத்துல வரிசையா சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி மாதிரி சில பேருக்கு இருக்கும். நோய் இல்லை, தொத்தாது, மருந்தும் வேண்டாம். எங்க ரூம்மேட் ஒருத்தன் இதுக்காகவே ஆறு மாசம் எய்ட்ஸ்னு நினைச்சுத் தூங்காம இருந்தான்.

அளவு. கேக்காம விடமாட்டீங்கன்னு தெரியும். லண்டன் கிங்ஸ் காலேஜைச் சேர்ந்த டேவிட் வீல் குழு, பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 15,521 ஆண்களோட அளவுகளை 2015-ல வெளியிட்டாங்க. அவங்கவங்களே அளந்து சொன்னதைச் சேர்த்துக்கலை, மருத்துவத் துறையில இருக்கிறவங்க அளந்தது மட்டும். சாதாரண நிலையில சராசரி 9.16 சென்டிமீட்டர், விறைப்புல 13.12. நூறு பேர்ல 16 சென்டிமீட்டரைத் தாண்டுறவங்க அஞ்சு பேர் இருந்தா அதிகம். நீங்க வீடியோல பாக்குறது அந்த அஞ்சு பேர்ல இருந்து பொறுக்கி எடுத்தவங்களை, கேமரா கோணம் வேற. வலப்பக்கமோ இடப்பக்கமோ லேசா வளைஞ்சிருக்கிறதும் சாதாரணம். வலியோட புதுசா வளைஞ்சாத்தான் காட்டணும்.

இந்தப் பயத்தை வச்சு ஒரு தொழிலே நடக்குது. எங்க ஹைவேல பஸ் ஸ்டாப் சுவர், பாலத்துக்கு அடியில, பப்ளிக் டாய்லெட் கதவு, எல்லா இடத்துலயும் நோட்டீஸ். 'நரம்புத் தளர்ச்சி', 'சிறுத்துப் போதல்', 'இளமையில் செய்த தவறு'. இந்தத் தேதியில இந்த லாட்ஜ்ல வைத்தியர் வர்றார்னு போட்டிருக்கும். கூட வேலை பார்த்த ஒரு பையன் ரெண்டு மாச ஸ்டைபெண்டைக் கொண்டு போய்க் கொடுத்தான். அவனுக்கு இருந்த வியாதி, தூக்கத்துல விந்து வெளியேறுறது. அது வியாதியே இல்லை. ஒரு சொட்டு விந்துக்கு இத்தனை சொட்டு ரத்தம்னு சொல்லுவாங்க, கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். விந்துல விந்தணு நூத்துக்கு ரெண்டுல இருந்து அஞ்சு பங்குதான். மீதி எல்லாம் விந்துப்பையிலயும் புராஸ்டேட் சுரப்பியிலயும் ஊறுற நீர், எச்சில் ஊறுற மாதிரி ஊறிக்கிட்டே இருக்கும். இந்தப் பயத்தால சோர்வு, பதற்றம்னு வர்ற ஆட்களைப் பார்த்து, என். என். விக்னு ஒரு இந்திய மனநல மருத்துவர் 1960-ல 'தாத் சிண்ட்ரோம்'னு அதுக்குப் பேரே வச்சார். வெளியேறுறது கெடுதல் இல்லை, பயம்தான் ஆளைப் படுத்துதுன்னு அர்த்தம். இந்த மாதிரி விளம்பரத்தைத் தடுக்க 1954-லயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கு. உடலுறவுத் திறனை அதிகரிக்கிற மருந்துன்னு விளம்பரம் பண்றதே குற்றம். சட்டத்துக்கு எழுபது வயசு தாண்டிடுச்சு, நோட்டீஸ் பசை இன்னும் ஈரமாத்தான் இருக்கு.

எனக்குக் கோபம் என்னன்னா, உறுப்பைப் பத்தி நம்ம ஊர்ல சத்தமா பேசுறவங்க இந்த நோட்டீஸ்காரங்க மட்டும்தான். பேசக் கூச்சமா இருக்கிறவங்களுக்கு ஒரு வழி: 104-க்குப் போன் பண்ணுங்க, தமிழக அரசோட மருத்துவ ஆலோசனை எண். முகம் தெரியாது. இல்லைன்னா போன்ல எழுதி டாக்டர்கிட்ட நீட்டுங்க: "இடது விரையில் வலி, இத்தனை மணிக்கு ஆரம்பித்தது." யூராலஜி டாக்டர் ஒரு நாளைக்கு நாற்பது பேரோடதைப் பாக்குறவர். உங்களோடது அவருக்கு ஞாபகம் கூட இருக்காது.

நான் இப்போ ஓசூர்ல ஒரு கம்பெனியில சூப்பர்வைசர். புதுசா வர்ற டிரெய்னி பசங்ககிட்ட இந்தக் கதையை டீ பிரேக்ல சொல்லிடுவேன். முதல்ல சிரிப்பாங்க. போன வருஷம் ஒரு நைட் ஷிப்ட்ல, ரெண்டரை மணி இருக்கும், ஒரு பையன் என் கேபினுக்கு வந்து கதவை மூடினான். 20 வயசு. "அண்ணா, விரை வலிக்குதுண்ணா. வலது பக்கம். பன்னெண்டரைக்கு ஆரம்பிச்சுது." மூணே காலுக்கு கேஷுவால்ட்டியில இருந்தோம். அவனே டாக்டர்கிட்ட அதே வாக்கியத்தைச் சொன்னான். டாப்ளர் ஸ்கேன் பண்ணாங்க, ரத்த ஓட்டம் நல்லா இருந்துச்சு. முறுக்கம் இல்லை, எபிடிடைமிஸ்ல இன்பெக்ஷன். ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்து, ரெண்டு நாள் வண்டி ஓட்டாதேன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

வெளிய வரும்போது விடிஞ்சிருந்தது. "சாரிண்ணா, ஒன்னுமே இல்லாததுக்கு உங்களை அலைக்கழிச்சுட்டேன்"னான். டீ வாங்கிக் கொடுத்து ரூம்ல விட்டுட்டு வந்தேன்.